தோடி கேட்ட காதுக்கு ஃபிளமெங்கோ

நேத்து ராத்திரி மறுபடியும் சிதார் கலைஞர் அனுஷ்கா சங்கரோட 'டிராவலர்' ஆல்பத்தைக் கேட்டேன். 2011ல வந்த அந்த ஆல்பத்துல சிதாரும் ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ இசையும் ஒண்ணா உட்காரும்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுக் கேளுங்க. அனுஷ்காவோட இடது கை விரல் சிதார் தந்தியை மெட்டு (தண்டுல இருக்கிற உலோகக் கட்டை) மேல பக்கவாட்டுல இழுக்குது. மீட்டினது ஒரே தடவைதான், ஸ்வரம் மட்டும் ஏறிக்கிட்டே போகுது. அடியில இருக்கிற தரப்ங்கிற துணைத் தந்திகள் யாரும் தொடாமலே அதிருது. அது அடங்குறதுக்குள்ள பக்கத்துல கைதட்டு ஆரம்பிச்சிடும். அதுவும் தாளம்தான். புலேரியாஸ்னு பேரு, 12 அடி, ஆனா அழுத்தம் 3, 3, 2, 2, 2ன்னு விழும். கொன்னக்கோல், அதாவது வாயால சொல்ற தாளச் சொற்கட்டு, கேட்டு வளர்ந்தவங்களுக்கு உடனே பிடிபட்டுடும்.

இன்னொண்ணு. ஃபிளமெங்கோவுல அதிகம் வர்ற ஃபிரிஜியன் ஸ்வர வரிசை, நம்ம கர்நாடக சங்கீதத்துத் தோடி ராகத்தோட (ஹனுமத்தோடி) அதே ஸ்வரங்கள்! வடக்கே ஹிந்துஸ்தானி இசையில அந்த ஸ்வர வரிசைக்குப் பேரு பைரவி தாட்.

பேருக்கு ரெண்டு இசையைக் கலக்குற ஃப்யூஷன் எனக்குப் பிடிக்காது. அனுஷ்காவோட அப்பா, சிதார் மேதை ரவிசங்கர், 1966லயே யெஹுதி மெனுஹின் வயலினோட சேர்ந்து வாசிச்சவர். அந்த நிதானம் மகள்கிட்டயும் இருக்கு, ராகம் விரிய இடம் விடுறாங்க.

காலையில அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு, தொடையில தாளம் போட ஆரம்பிச்சிட்டாங்க.