15 கிலோ, 4 பேர், 3 மீட்டர்

ஆவணி பிறந்ததும் விருதுநகர் மாவட்டத்தில் இரண்டு அவசரங்கள் ஒன்றாகத் தொடங்கும். ஆலைகளில் தீபாவளிச் சரக்கை முடித்து லாரி ஏற்றிவிட வேண்டும் என்பது ஒன்று. ஊர் ஊராகத் தற்காலிகப் பட்டாசுக் கடை போட நினைப்பவர்கள் உரிமத்துக்கு மனுக் கொடுத்தாக வேண்டும் என்பது மற்றொன்று. வருவாய்த் துறையில் பணியாற்றிய காலத்தில் இவ்விரு வகைக் கோப்புகளையும் கையாண்டு, மனுவில் கண்ட இடத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதியவன் என்ற முறையில், உரிமம் பற்றி நம்மிடையே பரவியிருக்கும் ஓர் எண்ணத்தைக் குறித்து எழுத விரும்புகிறேன். எங்கே வெடி விபத்து நடந்தாலும் முதலில் எழும் கேள்வி, "லைசென்ஸ் இருந்ததா?" என்பதுதான். இருந்தது என்று பதில் வந்துவிட்டால் பலரும் அதோடு நின்றுவிடுகிறார்கள். உரிமத்தில் எவ்வளவு எழுதியிருந்தது, அந்த நேரத்தில் அந்த அறையில் எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் உயிர்போகும் விஷயம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

வெடிபொருள் சட்டம் 1884-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ள விதிகள் 2008-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அந்த விதிகளின்படி, ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத பட்டாசு உற்பத்திக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் வழங்கலாம். 500 கிலோ வரை என்றால் பெசோ எனப்படும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டு அலுவலரும், அதற்கும் மேல் என்றால் நாக்பூரில் உள்ள அதன் தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலரும் வழங்க வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இதை யாரும் விதி எண்ணோடு சொல்வதில்லை, "டி.ஆர்.ஓ. லைசென்ஸ்" (டி.ஆர்.ஓ. என்றால் மாவட்ட வருவாய் அலுவலர்), "சென்னை லைசென்ஸ்", "நாக்பூர் லைசென்ஸ்" என்றே பேசிக்கொள்வார்கள். ஆலை எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். ஆனால் அந்தப் பேச்சுவழக்கில் ஒரு சொல் விடுபட்டுப் போகிறது. "ஒரு நேரத்தில்" என்பதே அது. நாள் முழுவதும் எவ்வளவு செய்து முடித்தாலும், எந்த ஒரு கணத்திலும் அங்கே இருக்கக்கூடிய உச்ச அளவைத்தான் உரிமம் வரையறுக்கிறது.

இந்த வரையறை ஏன் இத்தனை கண்டிப்பாக இருக்கிறது என்பதை ஆலையின் வெடிமருந்து அறை வாசலில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். மருந்து கலக்கும் அறையில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது; மற்ற வேலை அறைகளில் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஒவ்வோர் அறையும் தனித்தனியாக, இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கும். உள்ளே நுழைகிறவர் தன் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் மண்ணில் இறங்குவதற்காக, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைய வேண்டும். பருத்தி உடைதான் உடுத்தியிருக்க வேண்டும். இரும்புக் கருவி எதுவும் உள்ளே போகக்கூடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்கும்போது கையாளத் தக்கவை; கலந்துவிட்டால் ஒரு சின்ன உராய்வு போதும். தீ வரவே வராது என்று அந்த அறையைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. தீ ஒரு நாள் வரும், வந்தால் அந்த ஓர் அறையோடும் அங்கிருக்கும் ஒருசில பேரோடும் நின்றுவிட வேண்டும், அவர்களும் ஒரே பாய்ச்சலில் வெளியேற வழி இருக்க வேண்டும் என்று எண்ணித்தான் கட்டியிருக்கிறார்கள். நான்கு பேருக்கு அளந்த அறையில் எட்டுப் பேரை உட்கார வைத்தால், வாசல் அதே அகலம்தான். மருந்து மட்டும் இரண்டு மடங்கு.

மீதி மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலந்த மருந்தை அன்றன்றே பயன்படுத்தி முடித்துவிட வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைக்காமல் முறைப்படி அழித்துவிட வேண்டும். ஈரம் பட்டால் அலுமினியப் பொடி உப்போடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சூடேறும். இரவெல்லாம் பூட்டிக் கிடந்த அறையை விடுமுறை முடிந்து காலையில் திறந்து, நீர்த்துப்போன மருந்தைக் கையாளும்போது வெடித்த விபத்துகளை எங்கள் பகுதி நிறையவே பார்த்திருக்கிறது. ஆலையில் ஃபோர்மேன் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பதும், ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு மருந்து போகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அவர் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். என்னைக் கேட்டால் ஆலையிலேயே மிக முக்கியமான ஆவணம் அவருடைய அந்தக் கணக்குப் புத்தகம்தான். ஃபிரேம் போட்டு முதலாளியின் அறையில் மாட்டியிருக்கும் உரிமத்தை அதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

சீசன் நெருங்கும்போதுதான் இந்த எண்கள் உடைகின்றன. ஆர்டர் பெருகுகிறது, கூலி எண்ணிக்கைக் கணக்கில் கொடுக்கப்படுவதால் ஆளும் வேகமாக வேலை செய்யவே விரும்புவார், மழை தொடங்கிவிட்டால் காயவைக்க முடியாது என்ற பயம் வேறு. அறையில் இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளைப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு குத்தகைதாரரும் தனக்கென்று ஆளும் மருந்தும் கொண்டுவருவார். மொத்த ஆலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பது உரிமதாரர் உட்பட ஒருவருக்கும் தெரியாது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் உயிரிழந்த வெடிவிபத்துக்குப் பிறகு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தபோது, இந்த உள்குத்தகை வழக்கம்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பகுதி மக்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

அதற்கும் முன்னால், 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 38 பேர் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்து, அடுத்த வெடிப்பில் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு. அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று பின்னர் தெரியவந்தது. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆய்வு நடந்திருக்கிறது, விதிமீறல் கண்ணில் பட்டிருக்கிறது, உத்தரவும் பிறந்திருக்கிறது. அவ்வளவும் நடந்த பிறகும் மருந்து அறையில் மருந்து இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். உரிமத்தை நிறுத்திவைக்கும் உத்தரவு கையில் கொடுக்கப்படும் அதே நேரத்தில், கலந்த மருந்து அழிக்கப்பட்டு, கலக்காத ரசாயனம் கணக்கெடுத்து முத்திரையிடப்பட்டு, அறைகள் பூட்டப்பட்டு, ஆட்கள் வெளியேற்றப்பட வேண்டும். அந்த வேலையை எந்தத் துறை, எந்த நேரத்துக்குள், யார் முன்னிலையில் செய்யும் என்பது உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எந்தத் துறை என்பது இங்கே சாதாரணக் கேள்வியில்லை. ஒரே ஆலைக்குள் பெசோ வருகிறது, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் வருகிறது, பட்டாசுக்கென்றே நியமிக்கப்பட்ட தனி வட்டாட்சியர் வருகிறார், காவல் துறையும் தீயணைப்புத் துறையும் வருகின்றன. ஒவ்வொருவரும் தத்தம் படிவத்தை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். மனசாட்சியோடு வேலை செய்யும் அலுவலர்கள் எல்லாத் துறையிலும் உண்டு; அவர்களில் பலரோடு வெயிலில் நடந்திருக்கிறேன். ஆனால் ஒருவர் பார்த்தது மற்றவருக்கு உடனே தெரிவதில்லை. பங்குனியில் ஆலை சாவகாசமாக நடக்கும்போது செய்த ஆய்வில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று எழுதிய அறிக்கை, புரட்டாசியில் என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சியாகாது. ஆய்வுகளில் பாதியாவது தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில், முன்னறிவிப்பு இல்லாமல், மாலை நேரத்திலும் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தற்காலிகக் கடைகளுக்கு வருகிறேன். 2008-ஆம் ஆண்டு விதிகளில் 84-ஆம் விதி இதைப் பற்றியது. வாசிக்க ஐந்து நிமிடம் ஆகாது; கடை போடும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். கடையைத் தீப்பற்றாத பொருளால் அமைக்க வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். குடியிருப்பு போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிராக இருக்கக்கூடாது. ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு எதுவும் ஆகாது. மின்விளக்கைச் சுவரிலோ கூரையிலோ அசையாமல் பொருத்த வேண்டும், ஒயரில் தொங்கவிடக்கூடாது. ஒவ்வொரு கடைக்கும் தனி ஸ்விட்சும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மெயின் ஸ்விட்சும் வேண்டும். 50 மீட்டருக்குள் பட்டாசு வெடித்துக் காட்டக்கூடாது.

எழுதியதற்கும் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை ஒரு கடையில் நின்றால் தெரிந்துகொள்ளலாம். தகரக் கொட்டகை விதிப்படிதான் போட்டிருக்கும். ஆனால் வெயில் தாங்காமல் உள்பக்கம் தார்பாயும், முகப்பில் ஃபிளெக்ஸ் பேனரும் கட்டியிருப்பார்கள். கொட்டகை எரியாது, அதைச் சுற்றிக் கட்டியது எரியும். தொங்கும் பல்பைக் காட்டி, "அண்ணாச்சி, இதை மேலே பொருத்திடுங்க, பெட்டி மேல விழுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டபோது, "பத்து நாள் கடைதானே சார், எலக்ட்ரீஷியன் சாயங்காலம் வர்றேன்னிருக்கான்" என்று ஒரு கடைக்காரர் பதில் சொன்னார். கெட்டவர் இல்லை, எனக்கு மோர் கொடுத்து உட்காரச் சொன்னவர். பத்து நாளும் அந்தப் பல்பு அப்படியேதான் தொங்கியிருக்கும் என்று தோன்றியதால், பொருத்தி முடிக்கும்வரை அங்கேயே இருந்தேன். அன்று பார்க்க வேண்டிய வேறு இரண்டு இடங்களை அடுத்த நாளைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. கடைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆட்கள் இல்லாத அலுவலகத்தில் எல்லோருக்கும் இது சாத்தியமில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கடையில் வைக்கக்கூடிய சரக்குக்கும் எல்லை உண்டு. மாவட்ட அளவில் கொடுக்கும் உரிமத்தில் 100 கிலோ பட்டாசும், 500 கிலோ வரை கம்பி மத்தாப்பும் சீன ரக வெடிகளும் வைத்திருக்கலாம். மனுவை ஆய்வு செய்யும் நாளில் கடை காலியாக இருக்கும். அன்று அளக்க ஒன்றுமில்லை. தீபாவளிக்கு முந்தைய மூன்று நாட்களில்தான் கூரை முட்டப் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. கூடுதல் சரக்கைப் பக்கத்து வீட்டு மாடியிலோ வாடகைக்கு எடுத்த அறையிலோ வைப்பவர்களும் உண்டு. அந்த அறைக்கு எந்த உரிமமும் இருக்காது, அதன் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, 2016 அக்டோபரில் சிவகாசியில் பட்டாசுக் கிடங்கில் சரக்கை வண்டியில் ஏற்றும்போது பற்றிய தீயே சாட்சி. அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குச் சிகிச்சைக்காக வந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அவர்களில் ஒருவரும் பட்டாசை வாங்கவோ விற்கவோ வந்தவர் இல்லை. இடைவெளி விதியை "ரூல்ஸ்" என்று சலித்துக்கொள்ளும் எவரும் அந்த மையத்தில் இருந்தவர்களை ஒரு கணம் நினைக்க வேண்டும்.

இடம் கிடைக்கவில்லை என்பதே கடைக்காரர்கள் சொல்லும் காரணம். அதில் நியாயமும் உண்டு. நெருக்கமான கடைவீதியில் எல்லாப் பக்கமும் 50 மீட்டர் விட எங்கே போவது? அதற்கு விடையும் இருக்கிறது. சென்னையில் பாரிமுனைச் சந்துகளில் நடந்துவந்த பட்டாசு விற்பனையைத் தீவுத்திடலுக்குக் கொண்டுபோனார்கள். கடைகள் வரிசையாக, இடைவெளியோடு நிற்கின்றன; தீயணைப்பு வண்டி பக்கத்திலேயே நிற்க முடிகிறது. ஒவ்வொரு நகராட்சியும் பேரூராட்சியும் ஒரு மைதானத்தை ஆடியிலேயே இதற்கென ஒதுக்கி, விதிப்படி இடம் அளந்து கோடு போட்டுக் கொடுத்துவிட்டால், கடைக்காரருக்கும் அலைச்சல் இல்லை, ஆய்வு செய்பவருக்கும் ஒரே இடத்தில் வேலை முடியும்.

தண்டனையைப் பற்றி ஒரு வரி. உரிமத்துக்கு மாறாகப் பட்டாசு தயாரித்தால் சட்டத்தின் 9பி பிரிவின் கீழ் மூன்று ஆண்டுவரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும். வைத்திருந்தாலோ விற்றாலோ இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ரூ.3,000 வரை அபராதம் அல்லது இரண்டும். சீசனில் ஓர் ஆலை ஈட்டும் பணத்துக்கு முன் இந்த அபராதம் ஒரு பொருட்டே இல்லை. ஆயினும் தொகையை உயர்த்துவதைக் காட்டிலும், அடுத்த ஆண்டு உரிமம் புதுப்பிக்கப்படாது என்ற அச்சமே தொழிலில் இருப்பவரை நிறுத்தும் என்று கருதுகிறேன். கடை உரிமத்திலும் அப்படியே: அளவு மீறியவரின் பெயர் அடுத்த ஆண்டு மனுவைப் பார்ப்பவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இன்று இ-சேவை மூலம் மனு வாங்கும் நிலையில் இது ஒன்றும் கடினமான காரியமில்லை.

இந்த ஆண்டு மனுக்கள் வரத் தொடங்குவதற்கு முன் மாவட்ட நிர்வாகங்கள் இரண்டு காரியங்களைச் செய்தால் போதும் என்று தோன்றுகிறது. உரிமம் வழங்கும் உத்தரவிலேயே இரண்டாவது ஆய்வு உண்டு என்றும், அது தீபாவளிக்கு முந்தைய மூன்று நாட்களில் ஏதாவது ஒரு மாலையில் நடக்கும் என்றும் எழுதிவிட வேண்டும். அத்துடன், கடைக்கு அனுமதிக்கப்பட்ட கிலோவையும், ஆலை அறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்களின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும், வாசலில் கை உயரத்தில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். வேலைக்கு வருகிற பெண் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தானே எண்ணிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது ஆளாக உள்ளே போகமாட்டேன் என்று சொல்வதற்கு அந்த எழுத்து அவருக்குத் துணையாக இருக்கும்.