மலைப்பூண்டும் போய்விட்ட சட்டமும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததிலிருந்து எங்கள் ஆபீஸ் திண்ணையில் ஒரே கேள்விதான். "பழைய சட்டத்தைத்தான் எடுத்துட்டாங்களே அண்ணா, அப்ப என் கேஸும் போச்சுல்ல?"

போகாது தம்பி. புதுச் சட்டத்தின் 358-வது பிரிவிலேயே 1860-ஆம் வருடச் சட்டத்தை நீக்கிவிட்டு, அது அமலில் இருந்தபோது நடந்த குற்றங்களுக்கு வழக்கும் தண்டனையும் அப்படியே தொடரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பிரிவு என்பதற்குச் சம்பவம் நடந்த தேதிதான் கணக்கு, எஃப்ஐஆர் போட்ட தேதி இல்லை. இதில் போலீஸே சில சமயம் குழம்புகிறது.

அப்படிக் கேட்டவர்களில் ஒரு பையன், 2024 ஏப்ரலில் எட்டு கிலோ மலைப்பூண்டைத் தூக்கியவன். மூவாயிரம் ரூபாய் பெறும், மறுநாளே திருப்பிக் கொடுத்தும் விட்டான். சார்ஜ் ஷீட்டில் பழைய தண்டனைச் சட்டத்தின் 380-வது பிரிவு, அதாவது கட்டடத்துக்குள் நடந்த திருட்டு, ஏழு வருடம் வரை. குறுக்கு விசாரணையில் பூண்டுக்காரப் பெரியவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "ஷெட்டுக்குள்ள ஈரமுங்க, வெளியே கயித்துலதான் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்."

கட்டடம் போயிற்று, ஆனால் கேஸ் போகவில்லை. 380-இல் கட்டடத்தைக் கழித்தால் மிச்சம் 379, சாதாரணத் திருட்டு, மூன்று வருடம் வரை. தனியாக 379 சுமத்தாவிட்டாலும் அதில் தண்டிக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 222 சொல்கிறது (புதியதில் 245). அதற்காகத் தண்டனை குறைவான எந்தப் பிரிவையும் இழுத்துவர முடியாது, பெரிய குற்றத்துக்குள்ளேயே சின்னது அடங்கியிருக்க வேண்டும். கொலைக் குற்றம் மட்டும் சுமத்தப்பட்டவரை, பதில் சொல்ல வாய்ப்பே தராமல் வரதட்சணை மரணத்தில் தண்டிக்கக் கூடாது என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதனால்தான்; வரதட்சணை மரணத்தின் கூறுகளே வேறு.

சரி, இனி தண்டனை. புதுச் சட்டத்தில் ஐயாயிரத்துக்குக் குறைந்த முதல் திருட்டு, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவையோடு முடிகிறது. பழைய குற்றத்துக்கு இது கிடைக்குமா? அரசியல் சாசனத்தின் 20(1) தடுப்பது பின்னால் வந்த கடுமையான தண்டனையைத்தான், இலகுவானதை இல்லை. 1964-இல் ரத்தன் லால் வழக்கில், தண்டனைக்குப் பிறகு வழக்கு நடந்த ஊரில் அமலுக்கு வந்த நன்னடத்தைச் சட்டத்தின் (ஜெயிலுக்கு அனுப்பாமல் திருந்த வாய்ப்புத் தரும் சட்டம்) பலனை ஒரு பதினாறு வயதுப் பையனுக்குச் சுப்ரீம் கோர்ட்டே கொடுத்திருக்கிறது. எங்கள் வக்கீல் இதையெல்லாம் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தார் (டைப் அடித்தது நான்).

ஒன்றும் தேவைப்படவில்லை. 1958-ஆம் வருட அதே நன்னடத்தைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் 379 பெயர் சொல்லியே இருக்கிறது. மாஜிஸ்திரேட் அதன்படி கண்டித்து அனுப்பிவிட்டார்.

வெளியே பனிமூட்டத்தில் நின்று பையன் கேட்டான்: "அப்ப ரோடு கூட்ட வேண்டாமா அண்ணா?"