‘புண்பட்டிருந்தால்’ வருந்துகிறோம்

மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் அதிகம் எழுதியவை செய்திக்குறிப்புகள். அவற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் எழுதியவை வருத்த அறிக்கைகள். மன்னிப்பு அறிக்கை என்று சொல்லாமல் வருத்த அறிக்கை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘மன்னிப்பு’ என்ற சொல் வாடிக்கையாளரின் வழக்கறிஞரைத் தாண்டி வெளியே வந்ததை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வெளியே வருவது, ‘எவருடைய மனமேனும் புண்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறோம்’ என்ற வாக்கியம்தான். ‘புண்படுத்தி’ என்று எழுதினால் புண்படுத்தியவர் யார் என்ற கேள்வி வரும் என்பதால் ‘புண்பட்டு’. புண்பட்டதே இன்னும் உறுதியாகவில்லை என்பதற்காக ‘இருந்தால்’. பாதிக்கப்பட்டவருக்கு முகம் இருக்கக்கூடாது என்பதற்காக ‘எவருடைய’. செய்தவரும் இல்லாமல், செயலும் இல்லாமல், பாதிக்கப்பட்டவரும் இல்லாமல், வருத்தம் மட்டும் அந்தரத்தில் தொங்கும் இப்படியொரு வாக்கியத்தை இலக்கண ஆசிரியர் எவரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்.

விளம்பர வித்தைகள் தவறிப்போகும்போது அவற்றைப் பற்றிய பேச்சு முழுவதும், அந்த நிறுவனத்துக்கு அல்லது அந்த நட்சத்திரத்துக்கு லாபமா நட்டமா என்பதிலேயே சுற்றிவருகிறது. ‘கெட்ட பெயரும் விளம்பரம்தான்’ என்று ஒரு தரப்பும், ‘பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள்’ என்று மறுதரப்பும் வாதாடும். இரு தரப்பும் பார்ப்பது ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான். திட்டமிடும் அறையில் உட்கார்ந்திராத, யாரும் சம்மதம் கேட்டிராத ஒருவர் அதற்குக் கொடுத்த விலை அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை என்பதுதான் என் குறை.

2024 பிப்ரவரி 2ஆம் தேதி, நடிகை பூனம் பாண்டேயின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில், அவர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் அன்று காலை இறந்துவிட்டதாக அறிவிப்பு வெளியானது. அன்று முழுவதும் இரங்கல் செய்திகள் ஓடின. மறுநாள் அவரே காணொளியில் தோன்றித் தாம் உயிருடன்தான் இருப்பதாகவும், அந்த நோயைப் பற்றிய விழிப்புணர்வுக்காகவே இப்படிச் செய்ததாகவும் சொன்னார். சாவு அறிவிப்புக்கு முந்தைய நாள், பிப்ரவரி 1ஆம் தேதிதான், 9 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்கு அந்நோய்க்கான தடுப்பூசி போடுவதை ஊக்குவிக்கப்போவதாக இடைக்கால பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அறிவித்திருந்தார். ஆகவே பேசுவதற்கு உண்மையான செய்தி கையில் இருந்தது; பொய்ச் சாவு தேவைப்படவில்லை. பிரச்சாரத்தில் பங்கேற்ற ஷ்பாங் என்னும் விளம்பர நிறுவனம், புற்றுநோயின் கொடுமையைத் தாங்களோ தங்கள் நெருங்கியவர்களோ அனுபவித்தவர்களிடம் மன்னிப்புக் கோரி ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த மட்டில் அது நான் எழுதிய அறிக்கைகளைவிட மேலானது. ஆனால் நோயின் பெயர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புச் செய்திகளில் இடம்பெற்றதாகவும், இணையத் தேடலில் முதலிடம் பிடித்ததாகவும் அதே அறிக்கை கணக்குச் சொன்னது. மன்னிப்பும் மதிப்பெண் பட்டியலும் ஒரே தாளில் இருந்தன. இந்தியாவில் ஆண்டுதோறும் 70,000க்கும் மேற்பட்ட பெண்களின் உயிரைப் பறிக்கும் நோய் அது. சிகிச்சையில் இருந்த ஒரு பெண் அந்த முதல் நாள் இரவை எப்படிக் கழித்திருப்பார் என்பதை அளக்க அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

சாவைக் காட்சிப்பொருளாக்குவது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்துறையின் மூலவராக அமெரிக்கர்கள் கொண்டாடும் பி.டி. பார்னம் 1835இல் ஜாய்ஸ் ஹெத் என்ற அடிமைப் பெண்ணை, 161 வயதானவர், ஜார்ஜ் வாஷிங்டனைக் குழந்தையாக வளர்த்தவர் என்று சொல்லி ஊர் ஊராகக் காட்டிப் பணம் பார்த்தார். கூட்டம் குறைந்தபோது, அவர் மனிதரே அல்லர், ரப்பரும் சுருள்வில்லும் கொண்டு செய்த இயந்திரம் என்று வதந்தியைக் கிளப்பி, ஏற்கெனவே பார்த்தவர்களையும் மறுபடி வரவழைத்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த மூதாட்டி இறந்ததும், நியூயார்க்கில் 50 சென்ட் கட்டணத்தில் பொதுமக்கள் முன்னிலையில் பிரேதப் பரிசோதனை நடத்த ஏற்பாடு செய்தார். சுமார் 1,500 பேர் பார்த்தார்கள். அவருக்கு 80 வயதுக்கு மேல் இருக்க முடியாது என்று அறுத்துப் பார்த்த மருத்துவர் சொன்னார். அதுவும் செய்தியானது; அதுவும் பார்னத்துக்கு விளம்பரமானது.

நல்ல நோக்கம் இருந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். 1986 செப்டம்பர் 27ஆம் தேதி கிளீவ்லாந்து நகரில் நடந்ததைப் படித்தபின் அந்த நம்பிக்கை போயிற்று. நடத்தியது யுனைட்டெட் வே என்னும் அறக்கட்டளை. நன்கொடை திரட்டவும் உலக சாதனை படைக்கவும் ஏறத்தாழ 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் பறக்கவிடுவது திட்டம். விடிய விடியத் தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள், விரல் நோக நோகப் பலூன்களுக்கு முடிச்சுப் போட்டார்கள். மழை வரும்போல் இருந்ததால் குறித்த நேரத்துக்கு முன்பாகவே வலையை அவிழ்த்துவிட்டார்கள். நகரத்தின் நடுவிலிருந்த உயரமான கட்டடத்தைச் சுற்றி வண்ணப் புகைபோல எழும் அந்தப் படம் இன்றும் அழகாகத்தான் இருக்கிறது. எதிரே வந்த குளிர்காற்றும் மழையும் பலூன்களை மேலே போகவிடாமல் கீழே தள்ளின. ஏரிக்கரை விமான நிலையத்தின் ஓடுபாதையைச் சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று. அந்நேரத்தில் ஈரி ஏரியில் மீன்பிடிக்கப் போன இருவரைக் காணவில்லை என்று கடலோரக் காவல்படை தேடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதக்கும் ஒரு தலையையோ உயிர்காப்பு அங்கியின் நிறத்தையோ கண்டுபிடிக்க வேண்டிய கண்களுக்கு முன்னால் எங்கு பார்த்தாலும் வண்ண உருண்டைகள் மிதந்தன. இருவரின் உடல்களும் பின்னர்க் கரை ஒதுங்கின. பலூன்கள் இல்லாவிட்டால் அவர்கள் பிழைத்திருப்பார்களா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேடியவர்களுக்கு அது தடையாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

நோக்கம் என்பதே சில நேரங்களில் முகமூடியாகவும் இருக்கும். 1929 ஈஸ்டர் நாளில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிலர் பொதுவெளியில் சிகரெட் பற்றவைத்தது பெண் விடுதலையின் அடையாளமாக, ‘சுதந்திரச் சுடர்கள்’ என்று பத்திரிகைகளில் பேசப்பட்டது. ஏற்பாடு செய்தவர் மக்கள் தொடர்பு ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ். பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. அந்த விடுதலைக்கான ரசீது பல பத்தாண்டுகள் கழித்து மருத்துவமனைகளில் வந்தது.

வித்தை என்றாலே கூடாது என்று சொல்லும் கட்சி அல்ல நான். லோட்டோ என்ற பிரெஞ்சு விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய சைக்கிள் பந்தயம்தான் 1903 முதல் இன்றுவரை ஓடும் டூர் டி பிரான்ஸ். 2012 அக்டோபர் 14இல் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் ரெட் புல் நிறுவனத்தின் செலவில் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தபோது, என்ன நேரலாம் என்பதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் குதித்தவரே. அதோடு 1896ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். டெக்சஸில் ‘கேட்டி’ ரயில் நிறுவனத்தின் பயணியர் முகவரான வில்லியம் ஜார்ஜ் கிரஷ், இரண்டு ரயில்களை முழு வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டு வேடிக்கை காட்டத் திட்டமிட்டார். பார்க்கக் கட்டணம் இல்லை. அங்கே போவதற்கான ரயில் டிக்கெட்டில்தான் வருமானம். செப்டம்பர் 15ஆம் தேதி சுமார் 40,000 பேர் கூடினார்கள். கொதிகலன்கள் வெடிக்காது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டும் வெடித்தன. பறந்து வந்த இரும்புத் துண்டுகளால் குறைந்தது இருவர் இறந்தார்கள். படம் எடுக்க வந்த புகைப்படக்காரர் ஒரு கண்ணை இழந்தார். கிரஷை அன்றைக்கே வேலையைவிட்டு நீக்கினார்கள். பிறகு சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பின்பாதியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நூற்றாண்டு கடந்தும் அது மாறவில்லை.

இருப்பினும், நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது 349 என்ற எண்ணைத்தான். 1992இல் பிலிப்பைன்ஸில் பெப்சி நிறுவனம் ‘நம்பர் ஃபீவர்’ என்று ஒரு போட்டி நடத்தியது. பாட்டில் மூடியின் உட்புறத்தில் மூன்று இலக்க எண் இருக்கும். வெற்றி எண்ணைத் தொலைக்காட்சியில் அறிவிப்பார்கள். உச்சப் பரிசு 10 லட்சம் பெசோ. மே 25ஆம் தேதி இரவு அறிவிக்கப்பட்ட எண் 349. அந்த எண் அச்சான மூடிகள் ஏறத்தாழ 8 லட்சம் ஏற்கெனவே மக்கள் கையில் இருந்தன. அன்றிரவு எத்தனை வீடுகளில் கடன் அடைந்திருக்கும், எத்தனை பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும், எத்தனை மண் சுவர்கள் செங்கல் சுவர்கள் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடிந்தபோது நிறுவனம், மூடியில் எண்ணோடு இருக்கும் பாதுகாப்புக் குறியீடும் பொருந்தினால்தான் பரிசு என்றது. எண்ணை முழங்கியது தொலைக்காட்சி. குறியீட்டைப் பற்றிப் பேசியது விதிமுறை. பின்னர் நல்லெண்ணத் தொகையாக மூடிக்கு 500 பெசோ தருவதாக அறிவித்தார்கள். 4,86,170 பேர் அதைப் பெற்றுக்கொண்டார்கள். பெருக்கிப் பார்த்தால் 24 கோடி பெசோவுக்கு மேல் வருகிறது. மறுத்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். லாரிகள் எரிந்தன. 1993 பிப்ரவரியில் ஒரு பெப்சி லாரியின் மீது வீசப்பட்ட கையெறிகுண்டு வழியில் இருந்த ஓர் ஆசிரியையையும் ஒரு குழந்தையையும் கொன்றது. வழக்குகள் நீண்டு, 2006இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று முடித்துவைத்தது. ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தவறு என்று ஒப்புக்கொண்டால் 10 லட்சம். நல்லெண்ணம் என்றால் 500. எங்கள் துறையில் ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை உண்டு.

விலையை அறிந்தவர்களும் சறுக்குவார்கள். 2017 மார்ச்சில், ஆண்டின் சிறந்த தொடர்பாளர் என்று மக்கள் தொடர்புத் துறை இதழான பிஆர்வீக் பட்டம் சூட்டியது யுனைட்டெட் ஏர்லைன்ஸின் அப்போதைய தலைமை நிர்வாக அதிகாரி ஆஸ்கர் முனோஸுக்கு. ஏப்ரல் 9ஆம் தேதி, ஊழியர்களுக்கு இடம் தேவைப்பட்டதால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த பயணி ஒருவரை விமானத்திலிருந்து இழுத்துச் சென்றார்கள். அவர் மூக்கு உடைந்தது, இரண்டு பற்கள் போயின. சகபயணிகள் எடுத்த காணொளியை உலகமே பார்த்தது. மறுநாள் முனோஸ் வெளியிட்ட அறிக்கை, பயணிகளுக்கு ‘மாற்று ஏற்பாடு’ செய்ய நேர்ந்ததற்காக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு என்ற சொல் வெளியே வந்துவிட்டது, பாருங்கள். ஆனால் எதற்கு என்ற இடத்தில் ரத்தம் வழிந்த முகத்துக்குப் பதிலாக இருக்கை அட்டவணை இருந்தது. அதற்கடுத்த நாள்தான் முழுப் பொறுப்பையும் ஏற்கும் அறிக்கை வந்தது.

இவ்வளவு எழுதிவிட்டு என் பங்கைச் சொல்லாமல் போனால் அது இன்னொரு ‘இருந்தால்’ ஆகிவிடும்.

புதிய செயலி ஒன்றின் அறிமுகத்துக்காக நாங்கள் டீசர் போட்டோம். ‘காணவில்லை’ என்ற தலைப்பு, ஒரு சிறுவனின் படம், கீழே ஒரு கைபேசி எண். நிறுவனத்தின் பெயர் கிடையாது. மூன்று நாள் கழித்து, தொலைந்ததைத் தேடித் தரும் செயலி இது என்று திரையை விலக்குவதாக ஏற்பாடு. அழைப்புகளை எடுக்க இரண்டு இளைஞர்களை அமர்த்தி, எந்தக் கேள்விக்கும் சொல்ல வேண்டிய ஒரே பதிலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: ‘விவரம் விரைவில் தெரியவரும்.’ அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்.

இரண்டாம் நாள் மாலை அவர்களில் ஒருவன் என் மேசைக்கு வந்தான். “சார், ஓர் அம்மா திரும்பத் திரும்பக் கூப்பிடுறாங்க. அவங்க பையன் வீட்டைவிட்டுப் போய் ரொம்ப நாள் ஆச்சாம். நாம தொலைஞ்ச பிள்ளைங்களைத் தேடுற ஆபீஸ்னு நினைச்சுக்கிட்டாங்க. ‘நீங்க தேடும்போது எம்பிள்ளை படத்தையும் கூட வச்சுக்குவீங்களா தம்பி’ன்னு கேட்டாங்க.” நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். தாளில் இருந்ததைத்தான் சொன்னேன் என்றான்.

மூன்றாம் நாள் புகார்கள் எழுந்து சுவரொட்டிகளைக் கிழிக்க வேண்டியதாயிற்று. ‘எங்கள் சுவரொட்டியை உண்மையென்று நம்பி அழைத்தவர்களை ஏமாற்றினோம், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்’ என்று நான் எழுதிக் கொடுத்த வரைவு, வழக்கறிஞரின் மேசையிலிருந்து ‘எவருடைய மனமேனும் புண்பட்டிருந்தால்’ என்று திரும்பி வந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாவைத் திரும்ப அழைத்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அந்த இளைஞன் கேட்டான். அதற்குள் கைபேசி எண்ணை முடக்கிவிட்டிருந்தார்கள்.

மாத இறுதியில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய அறிக்கையில், பிரச்சாரம் பாதியில் நின்றாலும் மக்களின் ஈடுபாடு எதிர்பார்ப்பை மிஞ்சியது என்று எழுதி, வந்த அழைப்புகளின் எண்ணிக்கையைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தோம். அந்த அம்மா அழைத்த நான்கு முறையும் அதில் சேர்த்திதான்.