டச்சு எழுச்சி–வீழ்ச்சிக் கேள்வி: நான் படித்த விதம்

எம்.ஏ. வரலாற்றில் 1453 முதல் 1789 வரையிலான ஐரோப்பா தாளுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் டச்சுப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். 'பழவேற்காடு தெரியும், குளச்சல் போர் தெரியும், பார்த்து எழுதிக்கொள்ளலாம்' என்ற தைரியம்தான் காரணம். கேள்வியோ டச்சுக் குடியரசு ஐரோப்பிய வல்லரசாக எழுந்து வீழ்ந்தது எப்படி என்பதைப் பற்றியது. 1741 குளச்சலையும், வங்காளத்தில் ஆங்கிலேயரிடம் தோற்ற 1759 பெடரா போரையும் வீழ்ச்சிக்குக் காரணமாக எழுதினால் விடை தடம் மாறிவிடும். மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றதால் ஆம்ஸ்டர்டாம் சரிந்துவிடவில்லை.

இந்தப் பாடத்தை நான் மிளகிலிருந்து தொடங்காமல் தானியத்திலிருந்து தொடங்கினேன். போலந்தில் விளைந்த கோதுமையும் ரை தானியமும் விஸ்துலா ஆற்றில் டான்சிக் துறைமுகத்துக்கு வரும். அங்கே டச்சுக் கப்பலில் ஏறி, டென்மார்க்கை ஒட்டிய சவுண்ட் நீரிணையைத் தாண்டி ஆம்ஸ்டர்டாம் கிடங்குகளில் இறங்கும். போகும்போது உப்பு, ஹெர்ரிங் மீன், துணி, ஒயின். இந்த பால்டிக் வணிகத்தை டச்சுக்காரர்கள் 'தாய் வணிகம்' என்றே அழைத்தார்கள். 1602இல் கிழக்கிந்தியக் கம்பெனி பிறக்கும் முன்பே கப்பலும் மாலுமியும் முதலும் அவர்கள் கையில் இருந்ததற்கு இதுதான் அடிப்படை. விடையின் முதல் பக்கத்தில் டான்சிக், சவுண்ட், ஆம்ஸ்டர்டாம், ஆண்ட்வெர்ப் நான்கையும் குறித்து பென்சிலில் ஒரு சின்ன வரைபடம் போட்டுவிடுங்கள். அரைப் பக்க விளக்கம் மிச்சம்.

அப்புறம் ஃபுளூட் கப்பல். 1590களில் ஹோர்ன் நகரப் பக்கம் உருவான இந்த வகைக்கு வயிறு பெருத்திருக்கும், மேல்தளம் குறுகியிருக்கும். பீரங்கி வைக்கும் இடத்தையும் சரக்குக்கே விட்டார்கள். பாய்களைக் கப்பி வைத்து இழுத்ததால் ஆட்களும் குறைவு. அதே காலத்தில் வந்த காற்றாலை ரம்பங்கள் பலகை அறுக்கும் செலவைக் குறைத்தன. மலிவான கப்பல், குறைந்த கூலி, ஆகவே குறைந்த சரக்குக் கட்டணம். 'டச்சுக்காரர்கள் கடல் வணிகத்தில் சிறந்து விளங்கினர்' என்ற வாக்கியத்தை எல்லோரும் எழுதுவார்கள். எப்படி விளங்கினர் என்பதற்கு விடை இந்தக் கப்பலில் இருக்கிறது.

தங்களை ஆண்ட ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியை இரண்டு பத்திக்கு மேல் வளர்க்காதீர்கள். வட மாகாணங்கள் கைகோத்த 1579 உட்ரெக்ட் ஒன்றியம், 1581இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பை நிராகரித்த அறிவிப்பு, 1648இல் கிடைத்த அங்கீகாரம் போதும். 1585இல் ஆண்ட்வெர்ப் ஸ்பெயினிடம் வீழ்ந்ததை மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்நகர வணிகர்களும் நெசவாளர்களும் பணத்தோடும் தொழிலறிவோடும் வடக்கே போனார்கள். அவர்களை வரவேற்ற ஆம்ஸ்டர்டாம் 1609இல் பரிவர்த்தனை வங்கி தொடங்கியது. கம்பெனிப் பங்குகளும் அதே நகரில் கை மாறின.

வீழ்ச்சிப் பகுதியில்தான் மதிப்பெண் பிரிகிறது. அதிகாரம் சரிந்தது வேறு, செல்வம் கரைந்தது வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். கம்பெனி 1799 இறுதியில் முடிவுக்கு வந்ததை வல்லரசின் முடிவாகக் காட்டுவது என் கணிப்பில் பலவீனமான விடை. முதல் தர வல்லரசு என்ற இடம் ஸ்பானிய வாரிசுரிமைப் போரை முடித்த 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையோடு போய்விட்டது. பேச்சுவார்த்தை நடந்தது டச்சு நகரத்தில், ஆனால் முக்கிய நிபந்தனைகளை பிரிட்டனும் பிரான்சும் தங்களுக்குள் முன்பே பேசி வைத்திருந்தன.

அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள்? ஏறத்தாழ 20 லட்சம் மக்கள்தொகை கொண்ட நாட்டுக்குக் கடலில் ஓர் எதிரி, தரையில் ஓர் எதிரி. டச்சுக் கப்பல்களை ஒதுக்க இங்கிலாந்து கொண்டுவந்த 1651 நெவிகேஷன் சட்டத்துக்குப் பின் இங்கிலாந்தோடு வரிசையாக மூன்று போர்கள். 1667இல் டச்சுக்காரர்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து 'ராயல் சார்லஸ்' கொடிக்கப்பலையே இழுத்து வந்தார்கள். அதன் பின்பகுதிச் சிற்பப் பலகை இன்றும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்தே ஆண்டில் நிலைமை தலைகீழ். 1672இல் பிரான்சும் இங்கிலாந்தும் சேர்ந்து தாக்க, பிரெஞ்சுப் படை உட்ரெக்ட் வரை வந்துவிட்டது. மதகுகளைத் திறந்து வயல்களில் வெள்ளத்தைப் பாய்ச்சித்தான் முக்கிய மாகாணமான ஹாலந்தைக் காப்பாற்றினார்கள். ஆகஸ்டில் ஹேக் நகரில் ஒரு கும்பல் குடியரசை வழிநடத்திய தலைவர் யோஹான் டி விட்டையும் அவர் அண்ணனையும் அடித்துக் கொன்றது.

அதன்பின் தலைமைக்கு வந்தவர் ஆரஞ்சு குடும்பத்து மூன்றாம் வில்லியம். 1688இல் அவர் படையோடு இங்கிலாந்து போய் அடுத்த ஆண்டு மன்னரானதை டச்சு வெற்றி என்று எழுதத் தோன்றும். 1689 கடற்படை ஒப்பந்தத்தையும் சேர்த்துப் படியுங்கள். இங்கிலாந்து ஐந்து போர்க்கப்பல் அனுப்பினால் டச்சு மூன்று, கூட்டுப்படையின் தலைமை ஆங்கிலேயரிடம். தரைப்போர்ச் செலவோ டச்சுக்காரர்களை அழுத்தியது. 1713க்குள் ஹாலந்து மாகாணம் கடனில் மூழ்கி, வருவாயின் பெரும்பகுதியை வட்டிக்கே கொடுத்தது. கடற்படை தேய்ந்தது. ஆனால் தனிமனிதர்களிடம் பணம் இருந்தது, அது ஆங்கிலேய அரசுப் பத்திரங்களில் போய் வட்டி சம்பாதித்தது. அரசு மெலிய, முதலாளி கொழுக்க என்ற இந்த முரணை ஒரு பத்தியில் சொன்னால் போதும், விடை தனியாகத் தெரியும்.

நம் ஊர்ச் செய்தியைச் சேர்க்க ஆசையா? அதற்கு 1780–84இன் நான்காம் ஆங்கில–டச்சுப் போரில் இடம் இருக்கிறது. அந்தப் போரில்தான் 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒரு வரி போதும். 1795இல் பிரெஞ்சுப் படை நுழைந்து குடியரசு முடிந்ததோடு விடையை நிறுத்திவிடலாம்.

டியூலிப் பூக்கிழங்கு விலை தாறுமாறாக ஏறிச் சரிந்த 1637 டியூலிப் பித்து பற்றி யூடியூபில் நிறையக் கிடைக்கும், படிக்கவும் சுவாரஸ்யம்தான். அதை வீழ்ச்சிக்குக் காரணமாக மட்டும் எழுதாதீர்கள். மெட்வே வெற்றி வந்தது அதற்கு முப்பது ஆண்டு கழித்து.