காலி பாட்டிலை எடைக்குப் போட்டுவிட்டார்கள்

பன்றிப் பண்ணைகளில் எவ்வளவு ஆன்டிபயாடிக் செலவாகிறது என்று அளப்பதுதான் என் எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுகலை) ஆய்வு. தலைப்பு, அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. பண்ணை வாசலில்தான் ஆரம்பித்தது வம்பு.

பன்றிகளைக் கொல்லும், ஆளின் காலணியில் ஒட்டிக்கொண்டுகூடப் பரவும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாமில் தெரியவந்ததிலிருந்தே வெளியாள் என்றால் பண்ணைக்காரர்கள் யோசிக்கிறார்கள். யோசிக்கத்தான் வேண்டும். நீங்களும் இப்படி ஆய்வுக்குப் போனால், ஒரே நாளில் இரண்டு பண்ணைக்குப் போகாதீர்கள், அவர்கள் தரும் பூட்ஸையே போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துப் பதிவேடு கேட்டால், "வாங்குறோம், போடுறோம், இதுல எழுத என்ன சார் இருக்கு?" என்றார்கள். பில்லில் 'ஊசி, பவுடர்' என்று மட்டும் இருந்தது. மருந்துக்கடைக்காரரிடம் போனால், "நீங்க டிரக் இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டவர், அடையாள அட்டையைக் காட்டிய பிறகும் வாய் திறக்கவில்லை.

சரி, குப்பையை எண்ணலாம் என்று முடிவு செய்தோம். ஒரு மூடி போட்ட டிரம்மில் காலி பாட்டில், சாஷே எல்லாவற்றையும் போட்டு வைக்கச் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் போய் எண்ண வேண்டும். முதல் மாதம் போய்ப் பார்த்தால் டிரம் பளபளவென்று சுத்தம்! பழைய இரும்புக்காரர் வந்தாராம். வேலை பார்க்கும் அண்ணன் பாட்டில்களை எடைக்குப் போட்டுவிட்டு, எனக்காக டிரம்மையும் கழுவி வைத்திருக்கிறார். அவரைத் திட்டவா முடியும்?

அந்தக் காசை நானே தருகிறேன் என்றதும் டிரம் நிரம்ப ஆரம்பித்தது. கொஞ்சம் அதிகமாகவே நிரம்பியது. இரும்புச்சத்து ஊசி, குடற்புழு மருந்து, பினாயில் பாட்டில், கூடவே பால்மாட்டுக்கு மடிநோய்க்குப் போடும் ட்யூப். பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகையின் குப்பையும் சேர்ந்து வந்திருக்கிறது. எந்த மிருகத்துக்குப் போட்டது என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேட்டுவிடுங்கள், பாதி மீதியிருக்கும் பாட்டிலையும் சேர்த்து. ஒரு பண்ணை அலமாரியில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பாக்கெட்டும் இருந்தது. உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு இந்தியாவில் 2019-லேயே தடை செய்த மருந்து.

லேபிளை போட்டோ எடுக்காமல் நகராதீர்கள். ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், சாதாரண ஊசியில் மில்லிக்கு 50 மி.கி., எல்.ஏ. (நீண்ட நேரம் வேலை செய்வது) என்று போட்டதில் 200 மி.கி. வெறும் பெயரை எழுதி வந்தால் கணக்கு நாலு மடங்கு புரளும். பென்சிலினோ யூனிட்டில் இருக்கும். ஐரோப்பியக் கணக்குப்படி 10 லட்சம் யூனிட்டுக்கு 600 மி.கி., அதாவது 40 லட்சம் யூனிட் உள்ள ஒரு குப்பியில் 2,400 மி.கி. சல்ஃபா மருந்தோடு டிரைமெத்தோபிரிம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் கலந்திருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும்.

அப்புறம் வகுக்கும் எடை. மொத்த மருந்தைப் பன்றிகளின் மொத்த எடையால் வகுத்தால்தான் கிலோவுக்கு எத்தனை மி.கி. என்று தெரியும். ஐரோப்பாவில் 2022-ம் ஆண்டுக் கணக்கு வரை பின்பற்றிய முறையில் தாய்ப்பன்றிக்கு 240 கிலோ, கறிக்குப் போகும் பன்றிக்கு 65 கிலோ. "65 கிலோவிலா பன்றி விக்கிறாங்க?" என்று ஒரு பேராசிரியர் மடக்கப் பார்த்தார். அது விற்கும்போதுள்ள எடை இல்லை, மருந்து போடும் வயதில் இருக்கக்கூடிய சராசரி எடை என்று சொன்னதும் தலையாட்டினார். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

விற்ற பன்றிகளின் எண்ணிக்கைக்கு வியாபாரியை நம்பாதீர்கள். வீட்டம்மாவிடம் கேளுங்கள். அடுப்படி காலண்டரில் தேதிவாரியாகக் குறித்து வைத்திருப்பார்.