பழைய தையல் மெஷினைத் துடைக்கும் முன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பரணிலோ பழைய இரும்புக் கடையிலோ கறுப்பு மெஷின் கிடைத்தால், தங்க எழுத்தில் சிங்கர் என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் தலைகள் ஏராளம். தூணுக்குக் கீழே, அடித்தட்டின் வலது ஓரத்தில் இரும்பிலேயே பொறித்த எண்ணைப் பாருங்கள். சிங்கரில் 1900க்கு முன் வெறும் எண். பிறகு முன்னால் எழுத்து வரும். எஃப், ஒய் என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை. ஜி என்றால் அமெரிக்கா.

அடுத்து, ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைத் தள்ளுங்கள். படகு மாதிரி ஷட்டிலும் (பாபினை வைக்கும் கூடு) நீள பாபினும் இருந்தால் பெரும்பாலும் 27 அல்லது 28ஆம் வகை. உருண்டை பாபின், டென்ஷன் (நூலை இறுக்கும் திருகு) இடது முகத்தகட்டில் என்றால் 15ஆம் வகை, இல்லையென்றால் அதன் நகல். படகைத் தொலைத்துவிடாதீர்கள், பக்கத்துக் கடையில் கிடைக்காது.

இனி துடைப்பு. தங்க வேலைப்பாட்டின் மேல் இருப்பது அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட், தின்னர் பட்டால் கரைந்து எழுத்தும் சேர்ந்து போய்விடும். மெஷின் ஆயிலைப் பஞ்சில் தொட்டு, முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டு, அழுத்தாமல் துடையுங்கள். பஞ்சில் தங்க நிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எழுத்தில் கொஞ்சம் அழுக்கு தங்கினால் தங்கட்டும்.

சக்கரம் அசையாத மெஷினை ரிப்பேர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி தேங்காய் எண்ணெய்தான். காலப்போக்கில் காய்ந்து பழுப்புப் பிசினாகி மூட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் சக்கரத்தின் நடுத்திருகைத் தளர்த்துங்கள். சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றினால் பிடிப்பு தலைக்குள்ளே. அதுவும் சுற்றவில்லையென்றால் சக்கரத்தின் குழாயில்தான். உலோகம் உரசும் இடமெல்லாம் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், தங்க எழுத்திலும் படக்கூடாது. காலையில் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சக்கரத்தை முன்னும் பின்னும் ஓர் அங்குலம் ஆட்டுங்கள். பலம் போட்டால் உள்ளே ஏதாவது உடையும். ஒரே இடத்தில் மட்டும் முட்டினால் பெரும்பாலும் பிசின் அல்ல, ஷட்டிலுக்குப் பின்னால் நூல் சிக்கியிருக்கும்.

இளகியதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில். ஊசித்தட்டின் திருகுகளைக் கழற்றினால் துணியை நகர்த்தும் பல்லுக்கு நடுவே பஞ்சு கெட்டியாக அடைத்திருக்கும். துணி நகராததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஊசி முனையால் கிளறி எடுங்கள். திருகின் வெட்டுக்குப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்தால் திருகின் தலை மழுங்கும்.

நடுத்திருகை இறுக்கியும் ஊசி ஓடவில்லையா? அதன் அடியில் இருக்கும் காது வைத்த வாஷரை அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள். புது வார் மாட்டினால் ரொம்ப இழுத்துக் கட்ட வேண்டாம், மிதிக்கும்போது கனக்கும்.