பெட்டி வாங்குவதற்கு முன்னால்

வயதானவர்களின் மருந்துக் குழப்பத்துக்கு எல்லோரும் சொல்லும் தீர்வு, நாளுக்கோர் அறை கொண்ட ஏழு நாள் மாத்திரைப் பெட்டி. அப்பாவின் மருந்துகளை ஒழுங்குபடுத்தி முடித்த அனுபவத்தில் சொல்கிறேன், பெட்டி கடைசியில் வர வேண்டியது. குழப்பத்தை அப்படியே பெட்டிக்குள் அடுக்கி வைத்தால் ஆபத்து குறையாது.

அப்பாவுக்கு இதயத்துக்கு ஒரு மருத்துவர், தைராய்டுக்கு ஒருவர், முடக்குவாதத்துக்கு ஒருவர். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. அதனால் வீட்டில் இருந்த மருந்து அத்தனையையும் மேசையில் கொட்டினோம். சத்து மாத்திரை, சளி மாத்திரை, களிம்பு, கண் சொட்டு மருந்து எதையும் விடவில்லை. காலாவதியானவற்றை ஒதுக்கிவிட்டு, ஒவ்வோர் அட்டையிலும் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து எழுதினேன். வேறு வேறு பெயரும் நிறமும் கொண்ட இரண்டு அட்டைகளிலும் இருந்தது ஒன்றேதான்: பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம். வயிற்றைக் காக்க இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். மருத்துவரிடம் பட்டியலைக் காட்டியதும் ஒன்று அடிக்கப்பட்டது.

என்னை அதிகம் பயமுறுத்தியது மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கூடவே கொடுத்திருந்த ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் அதே போன்ற சின்ன மஞ்சள் மாத்திரை. உள்ளங்கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? மெத்தோட்ரெக்சேட்டை அதன் அட்டையோடு தனி டப்பாவில் வைத்து, மூடியில் 'திங்கள் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினோம். அந்தக் கிழமையை மருந்துச் சீட்டிலும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டோம்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில். அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது.

பிறகுதான் பெட்டி. ஈரம் பட்டால் கெட்டுவிடும் மாத்திரைகளும் உண்டு என்பதால், எவற்றை அட்டையிலிருந்து பிரிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேட்டுக்கொண்டோம். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்பதையும் மருந்து வாரியாக விசாரித்துக் குறித்தோம். மருத்துவர் சொல்லாமல் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சாப்பிடவே கூடாது.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று அப்பா முதலில் கோபப்பட்டார். நியாயமான கோபம். உடம்பு அவருடையது. அதனால் பெட்டியை அவரே நிரப்புகிறார்; நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை வாசிக்கிறேன்.

பட்டியலின் தலைப்பில் தேதி இருக்கும். ஒரு மாத்திரை மாறினாலும் புதிதாக எழுதி, பழையதைக் கிழித்துவிடுகிறோம். சென்ற முறை அப்பாவே அதை மருத்துவரிடம் நீட்டி, "இதில் எதையாவது நிறுத்த முடியுமா?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, மருத்துவர் ஒன்றின் அளவைப் பாதியாகக் குறைத்தார்.